மீன்சுருட்டித் திண்ணையில் கெல்லர் கோட்டை

ஹீரோகுவெஸ்ட் விளையாட்டின் முதல் பெட்டியில் 14 களங்கள். அவற்றை முடிக்க எங்களுக்குப் போன வருடக் கோடை முழுவதும் பிடித்தது. இந்த மே மாதம் அக்கா பிள்ளைகள் இருவரும் பேருந்தை விட்டு இறங்கி, பையைத் திண்ணையில் போட்டதும் கேட்ட முதல் கேள்வி: "மாமா, அடுத்த பெட்டி வந்துடுச்சா?"

வந்திருந்தது. 'கெல்லர்ஸ் கீப்' என்ற விரிவாக்கப் பெட்டி. அக்கா பிள்ளைகள் இருவர், எதிர்வீட்டுப் பிள்ளைகள் இருவர், நான் என ஐந்து பேர் மூன்று வாரம் சாயங்காலந்தோறும் உட்கார்ந்து அதன் 10 களங்களையும் ஆடி முடித்தோம். வெயில் தாழ்ந்ததும் திண்ணையில் பாய் விரிப்போம். மின்சாரம் போனால் எமர்ஜென்சி விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு தொடர்வோம். ஆடிய சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். இந்தப் பெட்டியில் புதிய அரக்கன் ஒன்றுகூட இல்லை, பெரிய புதுவிதிகளும் இல்லை. அப்படியிருந்தும் காசு கொடுத்து வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

முதலில், ஆட்டம் எப்படி

இதுவரை ஆடிப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டீபன் பேக்கர் வடிவமைத்து, மில்டன் பிராட்லி நிறுவனமும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனமும் சேர்ந்து 1989-ல் பிரிட்டனில் வெளியிட்ட ஆட்டம் ஹீரோகுவெஸ்ட். பல ஆண்டுகள் அச்சில் இல்லாமல் கிடந்தது. 2020-ல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ரசிகர்களிடம் முன்பணம் திரட்டி மீண்டும் செய்தது. 2021 முதல் புதிய பதிப்பு கிடைக்கிறது. நான் ஆடியது இந்தப் புதிய பதிப்பு.

நிலவறைகளும் நடைகளும் வரைந்த ஒரு பலகை. முரட்டு வீரன், குள்ளன், எல்ஃப், மந்திரவாதி என நான்கு பேர் அதற்குள் நுழைகிறார்கள். ஐந்தாவது ஆள் சார்கான்: அரக்கர்களை நடத்துபவர், கதை சொல்பவர். களத்தின் வரைபடம் அவர் கையில் மட்டுமே இருக்கும். வீரன் ஒருவன் கதவைத் திறந்தால்தான் அந்த அறையில் என்ன இருக்கிறது என்று சார்கான் எடுத்து வைப்பார். அதுவரை பலகை வெறுமை.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் சிங்கக் கிணறு பார்த்தவர்களுக்கு இந்த உணர்வு உடனே புரியும். சிங்கத்தின் உடலுக்குள் புகுந்து படியிறங்கும்போது அடுத்த திருப்பத்தில் என்ன என்று தெரியாது. தண்ணீரின் வாடைதான் முதலில் வரும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அந்தக் கிணற்றை ஒருமுறையாவது எட்டிப் பார்த்தவர்கள். அதனால் "இது சிங்கக் கிணறு மாதிரி, ஒவ்வொரு கதவும் ஒரு படி" என்று சொன்னதும் விதிப் புத்தகத்தில் பாதியை விளக்க வேண்டிய வேலை எனக்கு மிச்சமானது.

பெட்டிக்குள்

களப் புத்தகம், கொஞ்சம் அட்டைத் துண்டுகள், 17 குட்டிச் சிலைகள். சிலைகளில் ஓர்க் 8, காப்லின் 6, அபாமினேஷன் 3. முதல் பெட்டியின் பச்சைப் படையும் இதே எண்ணிக்கைதான், இதே அச்சுதான். இரண்டையும் சேர்த்தால் 16 ஓர்க், 12 காப்லின், 6 அபாமினேஷன். முதல் பெட்டியில் மொத்தம் 31 அரக்கர்கள்; இப்போது 48. இந்தப் பெட்டியை மட்டும் வைத்து ஆட முடியாது, முதல் பெட்டி கட்டாயம் வேண்டும்.

1989-ன் பெட்டியில் அபாமினேஷன் இருந்த இடத்தில் ஃபிமிர் என்ற ஒற்றைக்கண் அரக்கன் இருந்தது. அது கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் வார்ஹாமர் உலகத்துக்கு உரியது என்பதால் புதிய பதிப்பில் மீன் முகம் கொண்ட உருவத்தை வைத்திருக்கிறார்கள். செதில், துடுப்பு, பிதுங்கிய கண் எல்லாம் தெளிவாக விழுந்திருக்கின்றன. அபாமினேஷன் என்ற பெயர் பிள்ளைகள் வாயில் நுழையவில்லை. முதல் நாளே அதற்கு 'மீன்மூஞ்சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மூன்று வாரமும் அதுதான் பெயர்.

சிலைகளின் வார்ப்பு நன்றாக இருக்கிறது. ஓர்க்கின் பல்லும் இடைவாரும்கூடத் தெரிகின்றன. ஆனால் பிளாஸ்டிக் இளக்கமானது. பெட்டியைத் திறந்தபோது இரண்டு ஓர்க்குகளின் வாள் வளைந்திருந்தது, ஒரு காப்லின் பின்னால் சாய்ந்து நின்றது. கொதித்து இறக்கிய வெந்நீரில் சில நொடி முக்கி, கையால் நிமிர்த்தி, உடனே பானைத் தண்ணீரில் போட்டால் நிமிர்ந்த வாக்கில் இறுகிவிடும். வெந்நீர் வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள். எங்கள் பக்கத்து வெயிலில் சிலைகளை ஓட்டுத் தாழ்வாரத்திலோ வண்டிக்குள்ளோ விட்டு வைத்தால் மறுபடி வளையும்.

வண்ணம் பூசுவது அவரவர் விருப்பம். பச்சைப் பிளாஸ்டிக்கிலேயே படை அடையாளம் தெரிவதால் பூசாமலும் ஆடலாம். நாங்கள் ஓர்க்குகளுக்கு மட்டும் ஜெயங்கொண்டத்தில் வாங்கிய அக்ரிலிக் பூசினோம். கரும்பழுப்பை நீர்க்கக் கரைத்து மேலே ஒரு முறை ஓட்டினால் பள்ளங்களில் தங்கி, பல்லும் தசையும் எடுப்பாகத் தெரிகின்றன. 8 சிலைகளுக்கு இரண்டு மதியம் போதும். பழைய ஓர்க் பச்சையாகவும் புது ஓர்க் வண்ணத்தோடும் இருப்பதால், எது எந்த அணி என்று பிரித்துப் பார்க்கவும் வசதி.

கதை என்ற முதுகெலும்பு

பேரரசர் தம் படையோடு கெல்லர் கோட்டைக்குள் சிக்கியிருக்கிறார். வெளியே ஓர்க் படை முற்றுகை. மலைக்கு அடியில் குள்ளர்கள் குடைந்த பழைய வழிகள் வழியே நால்வரும் போய்ச் சேர வேண்டும். 10 களங்களும் இந்த ஒரே பயணத்தின் கட்டங்கள்.

பெட்டியின் உண்மையான வரவு இதுதான். முதல் பெட்டியின் களங்களில் பலவும் தனித்தனிக் கதைகள். ஒருவனை மீட்பது, ஒரு பொருளைத் தேடுவது என்று ஒன்று முடிந்ததும் கதை அறுந்துவிடும். இங்கே நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடங்குகிறோம். மூன்றாம் நாளிலிருந்து பிள்ளைகள் திண்ணையில் உட்காரும் முன்பே "நேத்து எங்க விட்டோம்?" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். தொடர்கதை வாசிக்கும் வீட்டில் நடப்பது இது. பத்தில் ஒன்றைத் தாண்டிப் போனால் இந்தச் சுகம் கெட்டுவிடும். வரிசை மாறாமல் ஆடுங்கள்.

கதை வரவர, சார்கானாக உட்காரும் ஆளின் பொறுப்பும் கூடுகிறது. புத்தகத்தின் ஆங்கில வரிகளை அப்படியே வாசித்தால் எங்கள் கூட்டத்தில் இளையவனுக்கு ஒன்றும் ஏறவில்லை. இரண்டாம் நாளிலிருந்து ஒவ்வொரு களத்தின் முன்னுரையையும் மதியமே தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். கருவூலச் சீட்டுகளுக்குச் சின்னத் தமிழ்ச் சீட்டு ஒட்டினேன். அன்றிலிருந்து ஆட்டத்தின் வேகமே வேறு. ஹாஸ்ப்ரோவின் இலவசச் செயலி சார்கானின் வேலையைத் தானே பார்க்கும். ஐந்தாவது ஆள் கிடைக்காத வீட்டுக்கு அது உதவும். ஆனால் கதவு திறக்கும் முன் ஒரு நொடி பேச்சை நிறுத்தி, எதிரே இருக்கும் நான்கு முகத்தையும் பார்க்க ஒரு மனிதரால்தான் முடியும். ஆள் இருந்தால் செயலியை நாடாதீர்கள்.

பகடைக் கணக்கு

இந்தப் படை எவ்வளவு ஆபத்தானது என்று ஒரு நாள் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். சண்டைப் பகடையின் 6 முகங்களில் 3 மண்டையோடு, 2 வெள்ளைக் கேடயம், 1 கருப்புக் கேடயம். மண்டையோடு விழுந்தால் அடி. வீரர்கள் வெள்ளைக் கேடயத்தால் தடுப்பார்கள், அரக்கர்கள் கருப்பால் மட்டுமே தடுக்க முடியும். வீரர் பக்கம் தடுப்பு இரண்டு மடங்கு எளிது.

முரட்டு வீரன் 3 பகடை போட்டு அடிக்கிறான், ஓர்க் 2 பகடையால் தடுக்கிறது. ஓர்க்குக்கு உடல் புள்ளி ஒன்றுதான். 4 அடிக்கு 3 அடியில் ஓர்க் விழும்: சரியாக 75 சதவீதம். 2 பகடை போடும் குள்ளனுக்கு அது 59 சதவீதமாகிறது. திருப்பி ஓர்க் 3 பகடையால் அடிக்கும்போது, எதையும் அணியாத வீரனுக்குச் சராசரியாக 0.96 புள்ளி போகும். அதாவது அடிக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி. முரட்டு வீரனிடம் 8 புள்ளி இருப்பதால் தாங்குவான். மந்திரவாதியிடம் 4 தான். இரண்டு ஓர்க்குகள் அவரை இரண்டு பக்கமும் நெருக்கினால் இரண்டு சுற்றில் கதை முடிந்துவிடக்கூடும்.

எங்கள் அம்மா தூணில் சாய்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள், "இது ஆடுபுலி ஆட்டந்தான்டா. புலி மூணுக்குப் பதிலா நாலு, அவ்வளவுதான்" என்றார். 3 புலி, 15 ஆடு வைத்து அவர் சிறு வயதில் தரையில் கரியால் கோடு போட்டு ஆடியவர். அவர் சொன்னதை அன்றிரவே பரீட்சித்துப் பார்த்தேன். அதுவரை ஓர்க்குகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு அடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆடுகள் புலியை அடைப்பதுபோல, ஓடாமல் நடையின் வாயை மறித்து நிறுத்தி, காப்லின்களை வேறு வழியாகச் சுற்றி அனுப்பினேன். நால்வரும் முதல் தடவையாகப் பின்வாங்கினார்கள். 17 சிலை கூடுதலாகக் கையில் இருப்பதன் பொருள் அன்றுதான் புரிந்தது. படை பெரிதானால் அடைக்க முடியும். எண்ணிக்கைதான் இந்தப் பெட்டியின் புதிய அரக்கன்.

குறைகள்

முதல் குறை, நன்றாகத் தேறிய வீரர்களுக்கு இந்தப் பெட்டி எளிதாகிவிடுவது. 14 களங்களில் சேர்த்த தங்கத்தில் தலைக்கவசமும் கேடயமும் வாங்கியவன் 4 பகடையால் தடுப்பான்; ஓர்க்கின் சராசரி அடி 0.58-க்கு இறங்கும். சங்கிலிக் கவசமும் சேர்ந்தால் 5 பகடை, சராசரி அடி 0.44. இரண்டு தடவை அடிபட்டாலும் ஒரு புள்ளி போகாது. எங்கள் குள்ளனும் முரட்டு வீரனும் அப்படித்தான் வந்தார்கள். நடுக் களங்கள் சிலவற்றில் பதற்றமே இல்லை. ஆறாம் களத்திலிருந்து ஒரு வீட்டு விதி வைத்தோம்: ஓர்க்குகளுக்கு உடல் புள்ளி 2. ஆட்டம் மீண்டும் இறுகியது. வாங்குபவர்கள் முதல் நாளிலிருந்தே இதை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, நடை. இரண்டு பகடை உருட்டி விழும் எண்ணுக்குத்தான் நகர வேண்டும். சராசரி 7, ஆனால் 2 விழுந்தவன் வெற்று நடையில் நின்றுகொண்டு மற்றவர்கள் கதவு திறப்பதைப் பார்க்க வேண்டியதுதான். இளையவனுக்கு இரண்டு முறை கண்ணில் நீர் கோத்துக்கொண்டது இதனால்தான். அரக்கர் யாரும் பலகையில் இல்லாதபோது உருட்டாமலே நடக்கலாம் என்று மாற்றிக்கொண்டோம். ஒரு களத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது முக்கால் மணி நேரமாகக் குறைந்தது.

மூன்றாவது, புதுமை. ஃப்ரோசன் ஹாரர் என்ற மற்றொரு விரிவாக்கத்தில் பனி அரக்கர்கள் இருக்கிறார்கள். அகெய்ன்ஸ்ட் தி ஓகர் ஹோர்ட் பெட்டியில் ஓகர்கள் வருகிறார்கள். புதிய உருவங்களுக்காகவே சிலை சேர்ப்பவர்கள் அவற்றைப் பார்க்கலாம். அதே ஓர்க்குகளை மறுபடி காசு கொடுத்து வாங்குகிறோமே என்ற குறை கெல்லர் கோட்டையில் அவர்களுக்குத் தீராது.

நான்காவது, விலை. நம் ஊர்க் கடைகளில் கிடைக்காத இறக்குமதிப் பொருள். பெட்டி விலையோடு அனுப்புக்கூலியும் வரியும் சேரும். ஒரு வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை. எங்களுக்கு வந்த பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது. விற்றவர் மாற்றித் தரவில்லை. வாங்கும் முன் திருப்பி எடுப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். நான்கைந்து வீடுகள் சேர்ந்து வாங்கி, விடுமுறைக்கு ஒரு திண்ணையில் வைப்பதுதான் நான் சொல்லக்கூடிய சரியான வழி. எப்படியும் ஐந்து பேர் வேண்டுமே.

பதினொன்றாம் களம்

பத்தாவது களம் முடிந்த மறுநாள் அக்கா மகள் ஒரு கிராஃப் தாளோடு வந்தாள். 26-க்கு 19 கட்டம், பலகையின் அளவேதான். தானே ஒரு களம் வரைந்திருந்தாள். வீரர்கள் இறங்கும் படிக்கட்டு சிங்கத்தின் வயிற்றில். நடைகள் மாளிகைமேட்டுக்குப் போகின்றன. அகழாய்வில் சோழ அரண்மனையின் செங்கல் சுவர்கள் வெளிப்பட்ட அதே மேடு. பள்ளிச் சுற்றுலாவில் குழிகளை எட்டிப் பார்த்தது அவளுக்கு நினைவிருந்தது. கருவூலப் பெட்டிக்குள் தங்கம் இல்லை, ஒரு கல் இருந்தது.

"கல்லு எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"கோயிலு மதில் கல்ல எல்லாம் அணை கட்டப் பேத்துகிட்டுப் போனாங்கன்னு நீங்கதான மாமா சொன்னீங்க. அத ஒண்ணு திருப்பிக் கொண்டாரணும். அதான் களம்."

1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரத்து மதிலையும் கோபுரத்தையும் இடித்துக் கல் எடுத்துப் போனதைத்தான் சொல்கிறாள். அணைக்கரைப் பாலத்தைத் தாண்டும்போது ஒருமுறை நான் பேச்சோடு பேச்சாகச் சொன்னது. அன்று சாயங்காலம் அவளே சார்கான், நான் மந்திரவாதி. அவள் பெரிய நடையின் வாயில் ஆறு ஓர்க்கை அடைத்து நிறுத்தி, மீன்மூஞ்சிகளைக் கிணற்றுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். நான் நான்காம் சுற்றில் விழுந்தேன். குள்ளன் கல்லைத் தோளில் சுமந்து வெளியே வந்தான்.

இந்தப் பெட்டிக்கு முன் இவர்கள் களங்களை ஆட மட்டும் தெரிந்தவர்கள். ஒரு கோட்டை, ஒரு முற்றுகை, ஒரு வழி என்று பத்துப் படிகளாக ஒரு பயணம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அதனூடே நடந்து பார்த்த பிறகுதான், தன் ஊர்க் கோட்டைக்கு வழி வரைய அவளுக்குக் கை வந்தது. அவள் வரைந்த களத்தில் நிற்க 16 ஓர்க்கும் தேவைப்பட்டன.

வாங்கலாமா?

முதல் பெட்டியின் 14 களங்களையும் முடித்திருந்தால், நாலைந்து பேர் தொடர்ந்து சேர்ந்து உட்கார முடியும் என்றால், வாங்குங்கள். அடுத்த பெட்டி எது என்று கேட்டால் இதையே முதலில் சொல்வேன். முதல் பெட்டியைப் பாதியில் விட்டவர்கள் அதை முடித்துவிட்டு வரட்டும். புதிய உருவங்கள் மட்டும் வேண்டுவோருக்கும், தனியாக ஆடுவோருக்கும் இது வேண்டாம்.

சிலைகளுக்கு 10-க்கு 7. கதைக்கு 9. சவாலுக்கு 6, ஓர்க்குக்கு உடல் புள்ளி 2 என்று மாற்றிக்கொண்டால் 8. கொடுத்த காசுக்கு, ஐந்து வீடு சேர்ந்து வாங்கினால் 8, ஒருவரே வாங்கினால் 6.

வாங்கியவர்கள் ஒரு கிராஃப் நோட்டும் சேர்த்து வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். உங்கள் ஊரிலும் ஒரு பாழடைந்த மண்டபமோ, தூர்ந்த கிணறோ, ஏரிக்கரை மதகோ இருக்கும். பதினொன்றாம் களத்தை அங்கிருந்து அவர்கள் தொடங்கட்டும்.